டிராம்ப் கப்பல்காரரின் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சௌக்கியம், இடது முட்டியை மட்டும் அந்த வாக்கியத்தில் சேர்க்க முடியாது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, இரவு டியூட்டி முடிந்து வந்தால் திரையை இழுத்துவிட்டு ஒழுங்காகத் தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரி மாறி நர்ஸ் வேலை பார்ப்பவளுக்கு உடம்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்வேன். போன வாரம் நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். குழாய் ஒழுகியது உண்மைதான், பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, "வாஷர் போயிடுச்சும்மா, வீட்டோட வயசு அப்படி" என்று என்னைப் பார்த்துச் சொன்னான், வீட்டைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ கேட்டது வேறு. உன் மாமா இங்குள்ள ஆஸ்பத்திரியில் சொல்லிவைத்திருக்கும் நிரந்தர வேலையை ஒத்துக்கொள்வதா என்று கேட்டாய், "நீ சொன்னா வந்துடறேம்மா" என்றாய். மாதக் கடைசிக்குள் ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் பதில் வேண்டும். போனில் உன் குரல் கேட்டால் எனக்கு யோசனை ஓடாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவும் மாமியும் வந்திருந்தார்கள். மாமா வழக்கம்போல் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிவிட்டார். மாமிதான் ஆரம்பித்தாள், "என்ன இருந்தாலும் ஒரு பொண்ணு இப்படி டிராம்ப் மாதிரி ஊர் ஊரா சுத்தலாமா அண்ணி?" என்று. டிராம்ப் என்றால் ஆங்கிலத்தில் நாடோடி, அதை ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னால் மானத்தைத் தொடும் இன்னொரு அர்த்தமும் உண்டு, அதை நான் எழுதமாட்டேன். மாமிக்கு அது தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன். நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்து, "அந்த வார்த்தையோட நான் முழுசா ஒரு குடித்தனமே நடத்தியிருக்கேன், எனக்கு நீ அதைச் சொல்லித் தரவேண்டாம்" என்றேன். மாமா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார், கெட்டிக்காரர்.

அவர்கள் போன பிறகு வெகுநேரம் அந்த வார்த்தையோடுதான் உட்கார்ந்திருந்தேன். கான்வென்டில் அது எங்கள் காலோடு சேர்ந்த வார்த்தை, தொம்தொம்மென்று மிதித்து நடப்பது. மாடி வராந்தா முழுக்க மரப்பலகை, நாங்கள் மணியடித்ததும் ஓடினால் கீழே மதர் சுப்பீரியரின் அறைக் கூரை அதிரும், அவர் வெளியே வந்து "டிராம்ப் பண்ணாதீங்க" என்பார், பதினாறு வயதுக்குள் பூனை மாதிரி நடக்கக் கற்றுக்கொண்டோம். பாடப்புத்தகத்திலோ அது தோளில் மூட்டையோடு வேலியோரம் நின்று ரொட்டி கேட்கும் கிழிந்த சட்டைக்காரன். ஆகவே என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை தான் டிராம்ப் கப்பலில் எஞ்சினியர் என்று சொன்னபோது என் முகம் போன போக்கைப் பார்த்து உன் அப்பா சிரித்துவிட்டார். "பயப்படாதீங்க, சட்டை கிழியாது" என்றார். லைனர் என்றால் பஸ் மாதிரி, நேரமும் வழியும் முன்பே அச்சடித்திருக்கும், டிராம்ப் வாடகை வண்டி மாதிரி, எந்தத் துறைமுகத்தில் சரக்கு இருக்கிறதோ அங்கே போகும் என்று விளக்கினார். ஒரு மனிதர் தன் வேலையை அவ்வளவு அழகாகச் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

ஆனால் வாடகை வண்டிக்குக் கடிதம் போடுவது லேசில்லை. நான் ஒரு துறைமுகத்துக்குப் போட்டிருப்பேன், கப்பலுக்கு நடுக்கடலில் வேறு உத்தரவு வந்திருக்கும், கடிதம் அவர் பின்னாலேயே அலையும். உனக்கு ஒரு முறை நிமோனியா வந்தபோது ஒரு கடிதம் எழுதினேன், குணமானதும், "இனிக் கவலை வேண்டாம், ஆபத்து தாண்டிவிட்டது" என்று மட்டும் இரண்டாவது எழுதினேன். இரண்டாவதுதான் அவர் கைக்கு முதலில் போனது. என்ன ஆபத்து, யாருக்கு என்று தெரியாமல் மனுஷர் அடுத்த துறைமுகம்வரை எஞ்சின் அறையிலேயே பைத்தியம் பிடித்தாற்போல் இருந்திருக்கிறார். அதிலிருந்துதான் எந்தக் கடிதத்தையும் தனியாக எடுத்துப் படித்தாலும் புரிகிற மாதிரி எழுதுவது என்று எங்களுக்குள் வழக்கம். "எனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுகிறாய் அம்மா" என்று நீ கிண்டல் செய்வாயே, அது இதனால்தான்.

உனக்கு ஐந்து வயதில் அப்பா இரண்டு வருஷம் கரையில் இருந்தது உனக்கு மங்கலாக நினைவிருக்கும். துறைமுகப் பட்டறையில் வேலை, சாயங்காலம் டாண் என்று வீட்டில் இருப்பார், உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருமுனைவரை போவார். எனக்கு அது பொற்காலமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கூடத்தில் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருப்பார், தரை அதிர அதிர. ஒருநாள், "என்ன வேணும் உங்களுக்கு?" என்றேன். "ஒண்ணுமில்லை, உனக்காகத்தானே வந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்த 'உனக்காக' எங்கள் வீட்டில் போகாத விருந்தாளியாகத் தங்கிவிட்டது, சாப்பாட்டில் உப்புக் கூடினாலும் அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மறுபடி கப்பலுக்கே போங்கள் என்று அவர் பெட்டியை நானே எடுத்து வைத்தேன். போய்ச் சேர்ந்து அவர் எழுதிய முதல் கடிதத்தில் அடித்தல் திருத்தலே இல்லை, லீவு விட்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுதியிருந்தார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இந்த ஊர் வேலையைப் பற்றிச் சொன்னபோது நீ சம்பளம், லீவு, பென்ஷன் என்று ஒப்பித்தாய். அடுத்துப் போகக்கூடிய மலையூர் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னபோது மூச்சுவிட மறந்தாய். உன்னைப் பெற்றவளுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். நீ வந்தால் எனக்குச் சந்தோஷமா என்றால் சந்தோஷம், அதை மறைத்து எழுதினால் பொய். உன் அப்பா காலமானதிலிருந்து, கதவைத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளே வரும் சத்தத்துக்கு இந்த வீடு ஏங்குகிறது. அதற்காக நீ வரக்கூடாது. வேண்டாம் என்று இங்குள்ள ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடு, மரியாதையாக, நல்ல ஆங்கிலத்தில், என் முட்டியையோ என் தனிமையையோ அதில் இழுக்காமல் எழுது. மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். மாமியிடம் பேச எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

மலையூரில் குளிர் அதிகமாம், கம்பளிச் சட்டையை அங்கே போய் வாங்காதே, இரண்டு மடங்கு விலை சொல்வார்கள். எங்கே இருந்தாலும் ஆயுசும் ஆரோக்கியமுமாக இரு, உன் கைபட்ட நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்கட்டும். லீவு கிடைத்தால் வா. மாடியில் இருந்த தையல் மெஷினை நேற்று ஆள் வைத்து உன் அறையில் போட்டுவிட்டேன், அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது. கட்டிலை மட்டும் நகர்த்தவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா