மேல் ஹாலின் கெட்டிமேளம்

07-01-2007, ஞாயிறு, காலை 10.40
கணினி நான்கு. ஒலிபெருக்கி பதினாறு. எதிரொலி ஒன்று. அந்த ஒன்றைத்தான் ஒழிக்க வேண்டும்.

மார்கழி, அதனால் மண்டபம் காலி. ஓனர் ஜெயம்மாள் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். கீழே ஒரு ஹால், நடுவில் பந்தி, மேலே ஒரு ஹால். முகூர்த்த நாளில் திருத்தணியில் மேளக்காரர் கிடைப்பதில்லை. "ஏம்பா இன்ஜினீயரு, ஒரு மேளத்த வெச்சி மூணு மாடிக்கும் ஊத முடியுமா?" என்று கேட்டாள். முடியும் என்றேன்.

எலக்ட்ரீசியன் வீரபத்திரன் போன வருஷம் சும்மா ஒயர் இழுத்துப் பார்த்தான். ஜெனரேட்டர் ஓடினால் உர்ரென்று இரைச்சல். நல்ல ஒயர் போட்டால் இரைச்சல் போய்விடும். நான் அதைச் சொல்லவில்லை. பி.இ. முடித்து இரண்டு வருஷமாகக் கல்யாண வீட்டுக்கு சீரியல் பல்பு கட்டுகிறவனுக்கு இப்படி ஒரு வேலை மறுபடி எப்போது வரும்?

மாடிக்கு ஒரு பழைய கணினி, வாசலில் ஒன்று. கீழே மைக்கில் விழும் சத்தம் துண்டு துண்டாகக் கேபிளில் போகிறது. போய்ச் சேருகிறது. ஆனால் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு வாசிக்கிறது. படிக்கட்டில் நின்றால் எல்லா மாடியும் காதில் விழும். ஒருத்தன் ஊத மற்றவர்கள் பழிப்புக் காட்டுவதுபோல் இருக்கிறது.

11-01-2007, வியாழன்
ஒவ்வொரு துண்டின் மேலும் இந்த நேரத்துக்கு வாசி என்று எழுதி அனுப்புகிறேன். கீழே இருக்கும் கணினியின் கடிகாரத்தைப் பார்த்து மற்றவை தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கின்றன. சீக்கிரம் வந்த துண்டு தன் நேரம் வரும்வரை காத்திருக்கும். ஆரம்பத்தில் எல்லாம் ஒன்றாகவே வருகிறது. ஒரு மணி நேரம் போனால் பந்தி ஹால் முந்துகிறது. மலிவு சவுண்ட் கார்டு. ஒவ்வொன்றின் ஓட்டமும் ஒரு மயிரிழை வித்தியாசம், அது சேர்ந்துகொண்டே போகிறது.

16-01-2007
பொங்கல் முடிந்தது. பந்தி ஹால் இன்னும் முந்துகிறது.

21-01-2007, ஞாயிறு
தீர்ந்தது!! முந்துகிறவனை அவ்வப்போது காதுக்குத் தெரியாத அளவு இழுத்துப் பிடிக்கிறேன், பிந்துகிறவனைத் தள்ளிவிடுகிறேன். காலையிலிருந்து மதியம் வரை ஓடவிட்டு வித்தியாசம் பன்னிரண்டு மில்லி செகண்ட். மனிதக் காதுக்கு அது ஒன்றுமே இல்லை. படிக்கட்டில் ஏறினேன், இறங்கினேன். ஒரே சத்தம். யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. கூட்டிப் பெருக்கும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ரேடியோ நல்லா கேக்குதுப்பா" என்றாள்.

28-01-2007, ஞாயிறு
முதல் கல்யாணம். ஒரே கல்யாணம், கூட்டம் மூன்று மாடிக்கும் வழிந்தது. மேளக்காரர்களைக் கீழ் ஹாலை ஒட்டிய கண்ணாடி அறையில் உட்கார வைத்தேன். நேர்ச் சத்தம் வெளியே போனால் என் கணக்கு கெடும். தவில்காரர் சுப்பன் உள்ளே நுழைந்ததுமே, "இன்னாபா இது, மீன் தொட்டியா?" என்றார். புரோகிதர் கை தூக்கியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கெட்டிமேளம் கொட்டினார்கள். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து நின்று அட்சதை போட்டார்கள்.

ஜெயம்மாள் ரொம்ப சந்தோஷம். "கீழ ஒரு கல்யாணம், மேல ஒரு கல்யாணம் வந்தா?"
"ரெண்டுக்கும் ஒரே முகூர்த்தம்தானே?" என்றேன்.
"ஆங், அதுவும் சரிதான்."

02-02-2007, வெள்ளி
தங்கை ஹேமாவதிக்குத் தேதி குறித்தாயிற்று, 19ஆம் தேதி. மாப்பிள்ளை ஆர்.கே.பேட்டை ஆனந்தன், பவர்லூம் வைத்திருக்கிறார். மேல் ஹால் நமக்கு. கீழ் ஹாலில் அன்றைக்கே புத்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக் கல்யாணம். அவர்கள் சுப்பன் மேளத்தைப் பேசியிருக்கிறார்கள், அது என் வழியாக மேலேயும் வரும்.

நைனா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரே பொண்ணுடா. அவளுக்குன்னு ஒரு மேளம் வெக்கலாம்." ஹேமா வேறு: "எனக்கு எதிர்ல ஒக்காந்து ஊதணும்ணா. அந்த ஆளு கன்னம் உப்புறத பாக்கணும்." சிரித்துவிட்டேன். "கன்னம் பாக்கவா கல்யாணம் பண்ற?" என்றேன். சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இருக்காது, என்னை நம்பு என்றேன். நம்பினாள்.

18-02-2007
இரண்டு புரோகிதர்களிடமும் சொல்லியாயிற்று. 6.45.

19-02-2007, திங்கள்
எழுத முடியுமா தெரியல. எழுதிடறேன்.

நான் கண்ணாடி ரூம்ல இருந்தேன். தங்கச்சி கல்யாணத்துல அண்ணன் எங்க இருக்கணும்? நான் திரையில நம்பரு பாத்துகினு இருந்தேன். பன்னிரண்டு, பதினொண்ணு, பன்னிரண்டு. 6.45க்கு கீழ் ஹால் ஐயரு கை தூக்கினாரு. சுப்பன் அடிச்சாரு பாரு, தவில் கிழியுற மாதிரி. எல்லா மாடியிலயும் ஒரே நேரத்துல. எனக்குப் பெருமை தாங்கல.

கீழ தாலி கட்டல. ஜீரகமும் வெல்லமும் அரைச்சி, பொண்ணு தலையில மாப்பிள்ளையும் மாப்பிள்ளை தலையில பொண்ணும் வெச்சாங்க. அவங்களுக்கு அதுதான் முகூர்த்தம். தாலி அப்புறம்தான். பார்டர்ல பொறந்து, தெருவுல பாதிப் பேரு தெலுங்கு பேசுற ஊருல வளந்து, நாலு தெலுங்குக் கல்யாணத்துல சாப்ட்டவன் நான். எனக்கு ஏன் தோணல? ஏன்?

மேல தாலித் தட்டு இன்னும் கூட்டத்துல சுத்திகினு இருந்தது. பெரியவங்க தொட்டுக் கும்புட்டுக் கடைசி வரிசைக்குப் போயிருந்தது. அப்ப திடீர்னு எட்டு ஒலிபெருக்கியில கெட்டிமேளம். கெட்டிமேளம் கேட்டா நம்ம ஜனத்துக்குக் கை தானா போவும். முந்நூறு பேரும் அட்சதைய வீசிட்டாங்க. மாப்பிள்ளை வெறுங்கையோட உக்காந்திருக்காரு, தலை பூரா அரிசி. ஹேமா குனிஞ்ச தலைய நிமித்தலையாம்.

தட்டு திரும்பி வந்தது. புரோகிதர் கத்தினாராம், "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" யார் காதுல விழும்? கீழ மெதுவா ஏதோ ராகம் வாசிச்சிகினு இருந்தாங்க, மேலயும் அதுதான் வந்தது. சத்தம் கீழேருந்து மேல மட்டும்தான் போவும். மேலேருந்து கீழ ஒரு வார்த்தை வர நான் வழி வெக்கல.

நைனா பித்தளைச் சொம்ப எடுத்து, கரண்டியால அடிச்சாராம். அதுல தாலி கட்டினாங்க.

நான் படியேறிப் போறப்போ முடிஞ்சிடுச்சி.

20-02-2007
யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டினால் பதில் சொல்லலாம்.

04-03-2007, ஞாயிறு
ஹேமா போன் செய்தாள். ஒரு தறி மோட்டார் எரிந்துவிட்டதாம். மாமியார் எல்லம்மாள், "மேளம் இல்லாத தாலி வந்த வேளை" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம், இவள் காதில் விழும்படி சொன்னாளாம். மோட்டார் எரிவது வோல்டேஜ் குறைந்ததால் என்றேன்.
"எனக்குத் தெரியும்ணா. நானா கேட்டேன்?"
"ஆனந்தன் என்ன சொல்றாரு?"
"அவரு ஒண்ணும் சொல்ல மாட்டேன்றாரு. அதான்."

11-03-2007, ஞாயிறு
டவுன் பஸ் பிடித்து ஆர்.கே.பேட்டை போனேன். பேசித் தீர்த்துவிடலாம் என்று. எல்லம்மாள் காபி கொடுத்தாள். மரியாதையாகத்தான் பேசினாள்.

"தம்பி, எங்க வூட்ல மூணு தலைமுறையா ஊமைக் கல்யாணம் நடந்ததில்ல."
"ஊமைக் கல்யாணம்லாம் இல்லீங்க. சத்தம்ன்றது காத்துல ஏற்படுற அழுத்தம், அவ்ளோதான். அதனால மோட்டார் எரியாது, யாருக்கும் கெடுதலும் வராது."
"அப்ப அந்த அழுத்தத்த என் மருமவளுக்கு நேரத்துக்குக் குடுத்திருக்கலாமே? படிச்ச புள்ளதானே?"

தறிக் கொட்டகையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு ரத்தம் ஏறிவிட்டது. மூட நம்பிக்கை, அறிவில்லாத பேச்சு, இன்னும் என்னவோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுதப் பிடிக்கவில்லை. ஹேமா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாப் வரை வரவில்லை. வழக்கமாக வருவாள்.

நான் சொன்னதில் எது பொய்? ஒன்றும் பொய் இல்லை. அப்புறம் ஏன் தூக்கம் வரவில்லை?

18-03-2007, ஞாயிறு
ஜெயம்மாள் கூப்பிட்டாள். "சித்திரை, வைகாசி முகூர்த்தம் வருது. ஹாலுக்கு ஒரு பட்டன் வெச்சிடேன்பா. கெட்டிமேளத்தப் பதிவு பண்ணிக்கோ. ஐயரு கை தூக்குனா ஒரு ஆளு அமுக்கட்டும். அவங்க அவங்க கல்யாணம், அவங்க அவங்க பட்டன்."

சரிதான். அப்படிச் செய்தால் கணினிகள் ஒன்றையொன்று பார்த்து ஓட வேண்டியதே இல்லை. கேபிள் வேண்டாம், கடிகாரம் வேண்டாம், பன்னிரண்டு மில்லி செகண்ட் வேண்டாம். அரை நாள் வேலை. தையில் தோன்றியிருந்தால் என் தங்கச்சி நிம்மதியா இருந்திருப்பா.

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்க என்ன இருக்கிறது.

15-04-2007, ஞாயிறு
ஹேமாவிடமிருந்து போன். மூன்றாம் மாதம் தாலி பிரித்துக் கோர்க்க வேண்டும். வழக்கமாக வீட்டில் நாலு சுமங்கலிகள் உட்கார்ந்து முடித்துவிடுவார்கள். எல்லம்மாள் அதை வெள்ளிக்கிழமை மலையில் வைத்திருக்கிறாள். முருகன் சந்நிதிக்கு வெளியே, மேளத்தோடு, ஆனந்தன் கையாலேயே மறுபடி கட்டுவதாம். அத்தோடு இந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன் என்று வாக்கும் கொடுத்திருக்கிறாள். ஆனந்தன்தான் ஒருவழியாக வாய் திறந்து அம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

"நல்லது. எத்தனை மணிக்கு வரணும்?" என்றேன்.

ஹேமா குரலைத் தாழ்த்தினாள்.

"நீ வராதண்ணா. நீ வந்தா எதனா பேசுவ."
"பேச மாட்டேன்."
"மூஞ்சிலயே தெரியும்ணா. நைனா வரட்டும். நீ வேணாம்."

20-04-2007, வெள்ளி
நைனா விடியும் முன்பே குளித்துப் புதுவேட்டி கட்டிக்கொண்டு மலைக்குப் போனார். பித்தான் அறுந்த சட்டையைக் கொடுத்தார், தைத்துக் கொடுத்தேன்.

21-04-2007, சனி
நேற்று மதியம் திரும்பி வந்த நைனா, விபூதிப் பொட்டலத்தை அலமாரியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நானாகக் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"எப்பிடி நடந்தது?"
"நல்லா நடந்ததுப்பா. சம்பந்தியம்மா ஹேமா கன்னத்த வழிச்சி நெட்டி முறிச்சாங்க."
"ஹேமா?"
"சிரிச்சா. கல்யாணத்துல பாக்கல நான் அந்தச் சிரிப்ப."
"என்னப் பத்தி எதனா கேட்டாளா?"
"ஆங். சாப்ட்டானான்னு கேட்டா."

எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன். இன்றைக்கு உட்கார்ந்து எழுதியது:

1. திங்கட்கிழமை ஜெயம்மாள் மண்டபத்தில் ஹாலுக்கு ஒரு பட்டன் மாட்டிக் கொடுப்பது. கூலி கேட்காமல்.
2. கேபிளையெல்லாம் கழற்றிச் சுருட்டி வீரபத்திரனிடம் கொடுப்பது. அவனுக்கு உபயோகப்படும்.
3. சென்னையில் வேலைக்கு எழுதிப் போடுவது. நேர்காணலில் மண்டபத்து வேலையைப் பற்றிக் கேட்டால், மேல் ஹாலில் நடந்ததையும் சேர்த்துச் சொல்வது.
4. அடுத்த ஞாயிறு காலை பஸ்ஸில் ஆர்.கே.பேட்டை போவது. எல்லம்மாள் பேசி முடிக்கும் வரை வாய் திறக்காமல் இருப்பது.
5. முடித்த பிறகும்.