அப்டேட் பட்டனும் கறுப்புத் திரையும்

மார்ச் 4

பாப்பா அப்பாவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நம் குரல் ஏறிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். பாப்பாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். நம் ரத்தப் பரிசோதனை நிலையத்துக் கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது. அப்டேட் பெட்டி வந்தது, பட்டனை அழுத்தினேன், பாதியில் நின்றுவிட்டது. ரத்த ரிப்போர்ட் எல்லாம் கையால் எழுதுகிறேன். "உன் எழுத்து டாக்டர் எழுத்தைவிட மோசமா இருக்கேம்மா" என்கிறார்கள் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள். ஒரே பட்டனில் முடிகிற மாதிரி ஏதாவது வழி சொல்லுங்கள்.

உங்கள் டாக்டரம்மா

மார்ச் 12

அன்புள்ள டாக்டரம்மா,

அந்தப் பட்டனைத் தொடாதே என்று கிளம்பும்போதே தலைபாடாக அடித்துக்கொண்டேன். அது சிரித்த முகமாய் நிற்கும். உள்ளே என்ன கோளாறு என்று வாயைத் திறக்காது. கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திற. தனித்தாளில் நான்கு கட்டளை எழுதியிருக்கிறேன். இடைவெளி விட்ட இடத்தில் விட்டு, எழுத்துப் பிசகாமல் அடி. முதல் வரி, பாதியில் நின்றதை முடித்துவிடும். இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது.

உன் மாப்பிள்ளை

மார்ச் 20

பாப்பா அப்பாவுக்கு,

அடித்தேன். இடைவெளி விட மறந்து அந்தத் திரையிடம் இரண்டு தடவை திட்டு வாங்கினேன். பிறகு மளமளவென்று வரிகள் ஓடி, 'தொடரலாமா?' என்று கேட்டு நின்றது. உங்கள் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "கேக்குதுல்லம்மா, பதில் சொல்லு" என்றாள் பாப்பா. ரிப்போர்ட் இப்போது அச்சாகிறது. நீங்கள் சொன்னதுதான் சரி, கறுப்புத் திரை கேட்டுவிட்டுத்தான் செய்கிறது. அந்த ஊர் வேலைக்குக் கையெழுத்துப் போட்டபோது நீங்கள் என்னைக் கேட்கவில்லை. நான்கு கட்டளை எழுதிய கைக்கு, காய்ச்சல் விட்டதா என்று ஒரு வரி எழுத வரவில்லை. மே மாதம் ஒப்பந்தம் முடிகிறதே, வந்துவிடுவீர்கள்தானே?

டாக்டரம்மா

ஏப்ரல் 2

அன்புள்ள டாக்டரம்மா,

கோபப்படாதே. ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிவிட்டேன். மறுநாளே பதில் வேண்டும் என்றார்கள். உன்னைக் கேட்க நேரமில்லை. எல்லாம் நம் நல்லதுக்குத்தான். மாதாமாதம் அடிக்க வேண்டிய கட்டளைகளை இத்துடன் வைத்திருக்கிறேன். சுவரில் ஒட்டிக்கொள். காய்ச்சல் விட்டதா?

உன் மாப்பிள்ளை

ஏப்ரல் 29

பாப்பா அப்பாவுக்கு,

காய்ச்சல் விட்டு ஒன்றரை மாதமாகிறது. பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். கோபம்கூட இல்லை, அசதிதான்.

இனிக் கட்டளை எதுவும் அனுப்ப வேண்டாம். கம்ப்யூட்டர் பார்க்க ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருக்கிறேன். பட்டனோ கறுப்புத் திரையோ, எது சட்டென்று முடியுமோ அதில் செய்துவிட்டுப் போகிறாள். நேற்று கூப்பிட்டாள். "அக்கா, இதுல வேற ஒருத்தர் பேர்ல லாகின் கணக்கு இருக்கு. எல்லா அதிகாரமும் அவருக்குத்தான். வெச்சுக்கணுமா, எடுத்துடட்டுமா?"

உங்கள் பெயர்தான். கையுறையைக் கழற்றினேன். கை கழுவிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எடுத்துடும்மா. என் பேருக்கு மாத்திடு."

அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பாப்பாவுக்குத் தனியாக எழுதுங்கள். அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
பாப்பா அம்மா