வடக்கிலிருந்து வரும் சேனை

சிட்லபாக்கம்,
30.7.2006

அன்பு மகள் ஷீலாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீ கை கால் சுகமாக, கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். இப்போது அந்த ஊருக்குத் தபால் போகுமா என்று போஸ்ட் ஆபீஸில் கேட்டேன், போகும் என்கிறார்கள், எப்போது என்று கேட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். போனில் உன் குரலைக் கேட்டதும் சொல்ல நினைத்தது எதுவும் வருவதில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் புதன்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் மில் சங்கு மாதிரி ஒரு சத்தம் ஏறி ஏறி வந்ததே, வைக்கிறேம்மா என்று நீ சொன்னதும் லைன் போனதும் ஒன்றாக நடந்தது. அதற்குப் பிறகு சனிக்கிழமை நீயாகக் கூப்பிடுகிற வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. நாங்கள் போட்டால் ரெக்கார்டு குரலில் ஒருத்தி அந்த ஊர் பாஷையில் ஏதோ சொல்லுகிறாள், இருக்கிறாய் என்கிறாளா இல்லை என்கிறாளா எனக்கு எப்படித் தெரியும். செய்தியில் நீ இருக்கிற ஹைஃபா என்று பெயர் வரும்போதெல்லாம் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொள்வார். டிவி முன்னாலேயே உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று உன் அக்கா பியூலா என்னைப் பொழிச்சலூருக்குக் கூட்டிப்போனாள். அவள் வீட்டுக்கு மேலேதான் விமானம் இறங்கும், இத்தனை வருஷம் நான் அதைக் காதில் வாங்கினதே இல்லை. அன்றைக்கு ஒன்று தாழ்வாகப் போனதும் பாலை அடுப்பில் வைத்தபடியே மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன், பால் பொங்கி அடுப்பே அணைந்துபோனது. மறுநாள் காலையிலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, நம் வீட்டு ஜெபக்கூட்டம். உன் அப்பாவுக்குத் தீர்க்கதரிசனம் என்றால் சாப்பாடு வேண்டாம் என்று உனக்குத் தெரியும். நாற்பத்தெட்டில் அந்தத் தேசம் பிறந்ததையும் அறுபத்தேழில் எருசலேம் கைக்கு வந்ததையும் வசனத்தோடு சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தால் மனிதருக்கு நேரம் தெரியாது. அங்கே ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலை உனக்குக் கிடைத்தபோது, என் மகள் தீர்க்கதரிசனம் நிறைவேறுகிற பூமிக்கே போகிறாள் என்று சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னவர் அவர். சண்டை ஆரம்பித்ததிலிருந்து கூட்டத்துக்கு ஆள் கூடிவிட்டது, அன்றைக்குப் பீர்க்கன்கரணையிலிருந்துகூட வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள், போர்ட்டிகோவில் இடம் போதாமல் தெருவில் சேர் போட்டோம். கூட்டத்தை நடத்துகிற பிரதர் ஜெபின் வழக்கம்போல வரைபடத்தைச் சுவரில் மாட்டி மைக்கைப் பிடித்தார். வேதத்தில் எழுதியிருக்கிறதில் இரண்டு நடந்து முடிந்தது, மூன்றாவதாக வடக்கிலிருந்து கோகு என்கிற ராஜாவின் சேனை வரும், அது இப்போது நம் கண் முன்னால் தொடங்கிவிட்டது, வடக்குத் தேசங்கள் அழியும், இதைப் பார்க்கிற தலைமுறை நாம்தான், கைகளை உயர்த்தி ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்றார். எல்லாரும் சொன்னார்கள். சிலர் சந்தோஷத்தில் அழுதார்கள். என் கை உயரவில்லை ஷீலா. டிவியில் குண்டு விழுவதைப் பார்த்தபோதுகூட அப்படி நடுங்கவில்லை, அந்த முகங்களில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துத்தான் எனக்குக் குளிர் எடுத்தது.

பிறகு வழக்கப்படி அப்பாவை வேதம் வாசிக்கச் சொன்னார். எசேக்கியேலில் அவருக்கு மனப்பாடமான அதிகாரம்தான். கணீரென்று ஆரம்பித்தார். மலைகள் இடிந்து, எல்லா மதில்களும் தரையிலே விழும் என்று வருகிற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், மறுபடியும் அதே இடத்துக்கு வந்து மறுபடியும் நின்றார். பிரதர் ஜெபின் பக்கத்தில் வந்து, பயப்படாதீங்க அங்கிள், அந்தப் பூமியில் இருக்கிறவர்களுக்கு என்ன நேர்ந்தாலும் அது மகிமைதான் என்று மெதுவாகச் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார், கெட்ட பிள்ளை இல்லை. மைக் ஆன்லேயே இருந்தது, அப்பா அதில்தான் சொன்னார். “இதுக்கு மேல என்னால படிக்க முடியாது பிரதர். அந்தச் செவுத்துக்குள்ளதான் என் பொண்ணு கீறா.” சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜெபம் பண்ணி முடித்துவிட்டார்கள், டீ அப்படியே மிஞ்சிப்போனது. இப்போது கூட்டத்தை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள், உன் அப்பா சவுரிமுத்து விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டார் என்று பேச்சு, அதை நீ மனசில் வைத்துக்கொள்ளாதே.

கூட்டத்துக்கு மறுநாள் சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு அக்தர் பேகம் வந்தாள். அவள் மகன் யாசீன் பெய்ரூட்டுக்குத் தெற்கே ஏதோ ஊரில் பேக்கரி வேலைக்குப் போனது உனக்குத் தெரியும், அவனிடமிருந்தும் அவளுக்குப் போன் இல்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே வா என்றாலும் வராமல் கேட்டாள். “அக்கா, நேத்து உங்க மைக்குல வடக்குத் தேசம் அழியும்னு சொன்னாங்களே, அது என் புள்ள இருக்கிற எடந்தானே?” கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தேன். அப்பா தன் அறையிலிருந்து வெளியே வந்து அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் நீ கூப்பிட்டாய். உயிரோடு இருக்கிறேம்மா என்று நீ சொன்னதும் என்னைவிட அவள்தான் அதிகமாக அழுதாள். அவள் பிள்ளையைப் பற்றி அப்போது ஒன்றுமே தெரியாது.

யாசீன் போன வாரம் வந்துவிட்டான். நம் கப்பல்படைக் கப்பல் வந்து ஏற்றி சைப்ரஸில் விட்டு, அங்கிருந்து விமானத்தில் அனுப்பினார்களாம். நம்மவர்களுக்கு அங்கே கப்பல் வந்ததே, உன் பக்கம் ஏன் ஒன்றும் வரவில்லை என்று எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது. உன்னை அனுப்பிய ஏஜென்சியில் கேட்டால் அங்கே எல்லாம் நார்மல் என்கிறார்கள். யாசீனைப் பார்க்கப் போயிருந்தேன், ஆள் பாதியாக இளைத்துவிட்டான். பேசிக்கொண்டிருக்கும்போதே விமானம் ஒன்று போனது, அவன் எழுந்து மாடிப்படிக்குக் கீழே போய்க் குந்திக்கொண்டான், அது போன பிறகும் வெளியே வரவில்லை. அங்கேயிருந்தே உனக்கு ஒன்று சொல்லச் சொன்னான். “ஆன்ட்டி, ஷீலாவ ஜன்னல் பக்கம் படுக்க வேணாம்னு சொல்லுங்க. குண்டவிட கண்ணாடிதான் நெறைய பேர அறுக்குது.” அதை மறக்காதே. கட்டிலை உள் சுவர் ஓரமாகத் தள்ளிப் போடு, செருப்பு கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கட்டும், பாஸ்போர்ட்டை இடுப்பிலேயே வைத்துக்கொள்.

அப்பா இப்போது வரைபடத்தையெல்லாம் சுருட்டி பீரோவுக்கு மேலே போட்டுவிட்டார், சங்கீதம் மட்டும் வாசிக்கிறார். ஆனால் நிம்மதி இல்லை. வசனத்தைப் பாதியில் நிறுத்தியது பாவமோ, அதற்குத் தண்டனை உன் மேல் வருமோ என்று பயப்படுகிறார். முந்தாநாள் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தொடாமல் என்னைக் கேட்டார், எழுதியிருக்கிறதுதான் நடக்கிறது என்றால், நடக்கக் கூடாது என்று ஜெபிப்பது கர்த்தருக்கு விரோதம் ஆகாதா என்று. உங்கள் அளவுக்கு எனக்கு வேதம் தெரியாது, சண்டை நிற்கட்டும் என்றுதான் நான் ஜெபிக்கிறேன், என் பிள்ளைக்கும் யாசீன் விட்டுவந்த ஊருக்கும் சேர்த்துத்தான் ஜெபிக்கிறேன், பாவமென்றால் என் தலையில் வரட்டும் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, கேட்கக் கூடாததைக் கேட்கிறோமோ என்று ஒவ்வொரு முறை முழங்கால் போடும்போதும் தோன்றுகிறது.

இங்கே ஊரெல்லாம் மூட்டு வலிக் காய்ச்சல், பியூலா வீட்டுக்காரர் படுத்துவிட்டார், இப்போது தேவலை. நீ நேரத்துக்குச் சாப்பிடு. மூன்றாவது மாடியிலிருந்து அந்த அம்மாளைச் சக்கர நாற்காலியோடு இறக்க முடியாது, அதனால் சங்கு ஊதும்போது நானும் அவர்களோடேயே இருந்துவிடுகிறேன் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவர்களை விட்டுவிட்டு இறங்கி ஓடு என்று எழுதினேன், எழுதியதை நானே அடித்துவிட்டேன், மேலே கறுப்பாக அடித்திருக்கிற வரி அதுதான். அவர்களும் யாரையோ பெற்றவர்கள். அக்கம்பக்கத்தில் ஆம்பிளை யாரையாவது கூப்பிட்டுத் தூக்கச் சொல்லு, வெட்கப்படாதே. அதிக நேரம் பேச வேண்டாம், தினமும் ஒரு வார்த்தை இருக்கேம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வை. கர்த்தர் தம்முடைய செட்டைகளின் கீழே உன்னை மூடிக்கொள்ளட்டும், அந்த அம்மாளையும் மூடிக்கொள்ளட்டும்.

உன் முகம் காணக் காத்திருக்கும்
அம்மா பேபி

ஷீலா, அப்பா எழுதுகிறேன். அந்த அம்மாவை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு மனசு இல்லை. ஆனாலும் வந்துவிடு.
சவுரிமுத்து