இரண்டு நாட்டு வரியும் ஒரு கேள்வியும்

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

என் சம்பளத்துக்கு இரண்டு நாடும் வரி கேட்கிற கூத்து இன்னும் முடியவில்லை. ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை வரி கூடாது என்று இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. ஆனால் நான் எந்த நாட்டில் வசிப்பவள் என்று சான்றிதழ் வேண்டுமாம். அதற்காக ஆஸ்பத்திரியில் லீவு போட்டுவிட்டு, இங்குள்ள வரி அலுவலகத்துக்கு நான்காம் முறையாகப் போனேன்.

"ரெண்டு நாட்டுலயும் உங்களுக்கு வீடு இருக்கு. உங்க வாழ்க்கை எங்க இருக்குன்னு எழுதுங்க," என்றார் அதிகாரி.

"கணவரும் மகளும் இருக்கிற ஊரில்" என்று எழுதினேன்.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அப்போ சான்றிதழை அங்கதான் வாங்கணும். இங்கேன்னு மாத்தி எழுதினா இன்னைக்கே கொடுத்துடுவேன்."

எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் மாற்றவில்லை.

அதனால் அலைச்சல் இனி உங்களுக்கு. நம் ஊர் வரி அலுவலகத்தில் மனுப் போடுங்கள். கோபப்படாமல் பேசுங்கள். பாப்பாவின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். சட்டை எடுக்கப் போன கடையில் அளவு சொல்லத் தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
வீட்டுக்காரி