சோற்றுப் பசை

பாளையங்கோட்டை
9 ஆகஸ்டு 1912

பிரியமுள்ள சவுந்தரத்துக்கு,

தேவகிருபையால் நான் சுகம். தரங்கம்பாடிக் காற்றுக்கு உன் இருமல் கூடவில்லையே?

சத்தியநேசன் வாத்தியார் நடத்தும் சங்கீதப் பத்திரிகைக்கு அச்சுக் கோப்பதோடு, இதழ்களுக்கு உறை போட்டுத் தபாலில் சேர்ப்பதும் என் வேலைதான். சந்தாதாரர் ஊர் மாறிப் போனதால் ஓர் இதழ் திரும்பி வந்தது. நான் ஒட்டுவது புளியங்கொட்டைப் பசையால். வந்த உறையிலோ சோற்றுப் பசை. வழியில் யாரோ பிரித்திருக்கிறார்கள். போன வருஷம் கலெக்டரைச் சுட்டதிலிருந்து இங்கே எல்லார்மேலும் கண்.

மறுநாள் முன்பின் தெரியாத ஒருவர் அச்சகத்துக்கு வந்து, இதழில் இருந்த சுரங்களைக் காட்டி, "எழுத்துக்கு மேலயும் கீழயும் என்னவே புள்ளி? ஆருக்குச் சேதி போவுது?" என்று கேட்டார்.

"மேல வச்சா உச்சத்துல பாடணும், கீழ வச்சா தாழ்த்திப் பாடணும். இரும், பாடிக் காட்டுதேன்" என்று வாத்தியார் இரண்டு கீர்த்தனைகளை முழுசாகப் பாடிவிட்டார். வந்தவர் தப்பித்தால் போதும் என்று போனார். சிரித்துக்கொள், பயப்படாதே.

ஆனால் உன் போன கடிதத்திலும் சோற்றுப் பசை இருந்தது. நீ வேப்பம்பிசின்தானே வைப்பாய்? வீட்டில் பிசின் தீர்ந்துவிட்டதா என்று உடனே எழுது.

உனக்கென்று எழுதிய நாலு வரியைக் கிழித்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வந்து காதில் சொல்கிறேன். தபால் கட்டும் நேரமாகிவிட்டது.

உன் மாசிலாமணி

இதை வழியில் பிரிக்கும் ஐயாவுக்கு: அந்த நாலு வரியை இதில் தேடவேண்டாம்.