காலி வீட்டுக் கொடியில் அப்பாவின் சட்டை

அன்புள்ள பெரியவளுக்கு,

நானும் சின்னவளும் இங்கே நலம், அப்பாவும் எல்லை முகாமில் நலம் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் குரலே சொன்னது, நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, பயம்தான். நம் குவார்ட்டர்ஸில் இந்த பிளாக்கையே மூடப்போவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், முடிவு தெரியாமல் உன்னையும் ஏன் கலங்கடிப்பது என்று இருந்துவிட்டேன்.

எட்டு வீட்டில் இப்போது இருப்பது நாமும் எதிர்வீட்டு நர்ஸ் அக்காவும் மாடியில் பேண்டு மாஸ்டர் குடும்பமும்தான், மூன்று வீட்டில் கூரை ஒழுகுவதால் ஆளில்லை, நல்ல வீடு இரண்டு சும்மா பூட்டிக் கிடக்கிறது. மாதக் கடைசியில் ஐந்து குடும்பமாவது இல்லையென்றால் எங்களை இந்த ஊர் முகாமின் அந்தக் கோடிக்கு மாற்றுவார்களாம், அங்கிருந்து சின்னவள் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், அப்பாவும் இல்லாமல் ஒண்டியாக எப்படிச் சமாளிப்பேன், சொல். துணியக் காயப்போட்டா குடும்பம் இருக்குன்னு எழுதிக்குவாங்க என்று நர்ஸ் அக்கா யோசனை சொன்னார், பட்டம் வாங்கிய நானும் தலையாட்டினேன். கணக்கெடுப்பன்று காவல்காரரிடம் சாவி வாங்கி அந்த இரண்டு வீட்டுப் பால்கனியிலும் அப்பாவின் சட்டைகளைத் தொங்கவிட்டோம், வாசலில் செருப்புகூட வைத்தோம்.

குடியிருப்பு அதிகாரி மூச்சு வாங்கப் படியேறி வந்தார், நிமிர்ந்து பார்த்து ஐந்து என்று எழுதிக்கொண்டார். நல்லதும்மா, ஆனா இந்த ரெண்டு வீடாவது காலியா இருக்கும்னு நெனச்சேன், புதுசா வந்த டிரைவர் சம்சாரத்துக்கு எட்டு மாசம், வெளியில ஒத்த ரூம்ல கெடக்குது, இடமில்லன்னு போய்ச் சொல்லணும் என்று இறங்கிப் போனார். எனக்குச் சுருக்கென்றது. உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு அப்படி ஓர் அறையில் வீட்டுக்காக ஏழு மாதம் காத்துக் கிடந்தவள் நான். ஓடிப்போய்ப் படிக்கட்டிலேயே மறித்து உண்மையைச் சொல்லிவிட்டேன். தெரியும்மா, இந்த பிளாக்குல ஆம்பளைங்க எல்லாருக்கும் ஒரே சைஸ், பாக்கெட்டுல ஒரே மைக்கறை, நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன் என்றார். கடைசி தேதிக்குள் இரண்டு குடும்பம் வந்துவிட்டால் பிளாக் பிழைக்கும் என்றும் சொன்னார். அதன்பிறகு நான் பட்ட அவசரத்தைப் பார்க்க வேண்டுமே, குழாய் ரிப்பேர்காரரைப் பிடித்து வந்ததிலிருந்து இரண்டு வீட்டையும் கழுவிவிட்டது வரை நானும் நர்ஸ் அக்காவும்தான். புதன்கிழமை டிரைவர் குடும்பம் வந்தது, நேற்று ஒரு சமையல்காரர் நான்கு வாண்டுகளோடு வந்து இறங்கினார், மாடியில் ஒரே திமுதிமு, பேண்டு மாஸ்டரே காதைப் பொத்திக்கொள்கிறார். அப்பாவிடம் சொன்னேன், எதிரிய ஏமாத்த நாங்க வருஷக்கணக்கா பயிற்சி எடுக்கிறோம், நீ நாலு சட்டைய வச்சே கெளம்பிட்டியே என்று சிரித்தார்.

ராத்திரி கண் விழித்துப் படிக்காதே, ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீ நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும் என் கண்ணே. விடுமுறைக்குப் புது இடம் தேடி அலைய வேண்டாம், இதே விலாசம்தான், நேரே வீட்டுக்கு வந்து சேர்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா