கடைசிக் கொக்கியில் உன் நீல ஸ்வெட்டர்

என் அன்பு மகளுக்கு,

சலவைக்கடைச் சக்கரவர்த்தியும், ஏழு இஸ்திரிப் பெட்டிகளின் ஏகபோக அதிபதியும் (அதில் இரண்டு சூடாகாது), ஆறு வயதிலிருந்து உன்னைத் தூக்கி வளர்த்து முதுகு கூனிப்போனவனுமாகிய உன் சித்தப்பன் எழுதுவது. இங்கே நான் நலம், பெரிய மெஷின் நலம், அதன் முனகல் ஏழு தெருவுக்குக் கேட்கிறது, உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னது. நீ நலமா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறாயா. சித்தியும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்த வரி மட்டும் வருவேனா என்கிறது, கொஞ்சம் சுற்றிக்கொண்டு வந்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

இந்த வாரம் கடையை ஒழுங்குபடுத்தினேன். மேஜை இழுப்பறையில் துணிச் சீட்டில் குத்தும் அந்த நாலு இங்கிலீஷ் ரப்பர் ஸ்டாம்பும் அப்படியே இருக்கின்றன. கடையை நமக்குக் கொடுத்துவிட்டுப் போன பழைய முதலாளி விட்டுச்சென்ற சீதனம் அல்லவா அவை. கோல்ட் என்றால் பச்சைத் தண்ணீரில் அலசு, ஃபோல்ட் என்றால் மாட்டாதே, மடித்து வை, ஹோல் என்றால் ஓட்டை, பக்கத்துக் கடைத் தையல்காரரிடம் அனுப்பு, ஹோல்ட் என்றால் தொடாதே, உடையவர் நேரில் வரும்வரை வைத்திரு. எழுத்தில் பார்த்தால் நாலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், குணமோ வடக்கும் தெற்கும். உனக்கு ஒன்பது வயதில், ஹோல்ட் குத்தவேண்டிய கல்லூரி முதல்வரின் கம்பளிக் கோட்டுச் சீட்டில் நான் கோல்ட் குத்தித் தொலைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? பெரிய மெஷினில் சுற்றி எடுத்தபோது அந்தக் கோட்டு ஒரு அணில்குட்டிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, இதை நான் போட்டுக்கணுமா இல்ல சாவிக்கொத்துல மாட்டிக்கணுமா என்று கேட்டாரே, அந்த அவமானத்தில் நான் பாதாளம் வரை இறங்கிவிட்டேன், சித்திதான் கயிறு போட்டு மேலே இழுத்தாள்.

அன்றைக்குத்தான் நீ வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறிச் சட்டம் போட்டாய். சீட்டை ஒருத்தர் படிக்கணும், இன்னொருத்தர் கையால செஞ்சு காட்டணும், கை அசையாம துணி அசையக்கூடாது என்றாய். கோல்டுக்குத் தன்னைத்தானே கட்டிக்கொண்டு நடுங்குவது, ஃபோல்டுக்கு ஒரு உள்ளங்கைமேல் இன்னொன்றை வைப்பது, ஹோலுக்கு விரலை வளையமாக்கிக் கண்ணில் வைத்துப் பார்ப்பது, ஹோல்டுக்கு மூடிய கையை நெஞ்சில் வைப்பது. துணி கொடுக்க வந்தவர்கள் நம் மூவரையும் நாட்டியக் குழு என்று நினைத்தார்கள், பார்க்க வந்த கூட்டத்தில் போக்குவரத்து மூன்று நாள் ஸ்தம்பித்தது (சரி, ஒரு சைக்கிள்காரர் நின்று பார்த்தார்). நீ வேலை கிடைத்துப் போன பிறகு ஆட்டம் மெல்லக் குறைந்துபோய், நானே படித்து நானே தலையாட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேன்.

இனி சுற்ற இடம் இல்லை மகளே. ஆறு வாரத்துக்கு முன் ஒரு காலையில், சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்த சித்தியின் கையிலிருந்து பெட்டி நழுவியது. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இப்போது நடக்கிறாள், சாப்பிடுகிறாள், கண்ணாலேயே என்னைத் திட்டுகிறாள், வலது கை மட்டும் கொஞ்சம் சோர்வு, பேச்சு வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, வார்த்தை உள்ளேதான் இருக்கு, வழி தேடுது, அவசரப்படுத்தாதீங்க என்கிறார் டாக்டர். சித்தி ஏன் போனில் வருவதில்லை என்று நீ மூன்று முறை கேட்டாய், தொண்டைக்கட்டு என்று மூன்று முறையும் புளுகினேன். வாழ்நாளெல்லாம் அண்டப்புளுகு புளுகியவன்தான், ஆனால் அந்த மூன்றும் எனக்குச் செரிக்கவே இல்லை. போனில் சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை கடைசிக் கொக்கியில் தொங்கிய உன் நீல ஸ்வெட்டரை, அதுதான் நீ ஊருக்குப் போகும் அன்று விட்டுவிட்டுப் போனாயே, முழங்கையில் ஒட்டுப் போட்டது, அதைத் தையல்காரர் பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்தேன். நாற்காலியில் இருந்த சித்தி விருட்டென்று எழுந்து இடது கையை மூடி நெஞ்சில் வைத்தாள். நெஞ்சுவலி என்று நினைத்து, செருப்புக்கூடப் போடாமல் ஓடி, டாக்டரையும் தையல்காரரையும் உலகத்து மருத்துவத் துறை முழுவதையும் கூட்டிக்கொண்டு வந்தேன். டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, ஐயா அம்மாவுக்கு கடிகாரம் மாதிரி ஓடுது, உங்களதான் பாக்கணும்போல என்றார். சித்தி கையை எடுக்கவே இல்லை. கடைசியில் அவளே வந்து ஸ்வெட்டரின் காலரைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே ஒரு சீட்டு, மங்கிப்போன ஊதா மையில் ஹோல்ட், அவள் கையெழுத்தில் நீ போன தேதி. பதினோரு வருஷம் அதைத் தாண்டி நடந்திருக்கிறேன், ஒருநாள்கூடக் காலரைத் திருப்பிப் பார்க்கவில்லை. சக்கரவர்த்தி உன் வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் சோப்புத்தூள் விழுந்தது என்று வைத்துக்கொள்.

அன்றிலிருந்து உன் சட்டம் மறுபடி அமலுக்கு வந்திருக்கிறது. நான் சீட்டைப் படிக்கிறேன், அவள் ஒற்றைக் கையால் செய்து காட்டுகிறாள். அந்த நாலு வார்த்தையை வைத்தே ராஜ்ஜியம் நடத்துகிறாள். டீ ஆறிப்போனால் நடுங்கிக் காட்டுகிறாள், என் பனியனைப் பார்த்தால் விரல் வளையம் கண்ணுக்குப் போகிறது, நான் அதிகம் அளந்தால் கையை மடியில் கவிழ்க்கிறாள், அதுதான் ஒற்றைக் கை ஃபோல்ட், வாயை மடித்து வை என்று அர்த்தமாம். நேற்று அதைச் செய்யும்போது லேசாக ஒரு சத்தம் வந்தது. ஃபோல்டின் முதல் பாதியா, என்னைப் போ என்றாளா தெரியவில்லை, எதுவானாலும் நான் தெருவெல்லாம் சொல்லிவிட்டேன்.

வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவராதே, அதற்காக என்மேல் கோபத்தில் வராமலும் இருந்துவிடாதே. ஞாயிறு காலை பத்து மணிக்கு வீடியோவில் வா, நீ பேசவேண்டாம், கையைக் காட்டு, அவளுக்குப் போதும். இதோடு அந்தச் சீட்டின் மறுபாதியை வைத்திருக்கிறேன், உடையவரிடம் கொடுக்கவேண்டிய பாதி, கொடுக்க ஆளில்லாமல் அவள் இரண்டையும் சேர்த்தே குத்தி வைத்திருந்தாள். பத்திரமாக வைத்துக்கொள், அது இல்லாமல் வந்தால் நீயே ஆனாலும் ஸ்வெட்டர் கிடையாது, கடைச் சட்டம். நூறு வயசு நன்றாக இரு, கை கால் சுகத்தோடு இரு. ஒட்டுவதற்கு முன் கடிதம் முழுவதையும் சித்திக்குப் படித்துக் காட்டினேன். முடித்ததும் அவள் கையை மூடி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். இந்தமுறை நான் டாக்டரிடம் ஓடவில்லை.

இப்படிக்கு,
புளுகை இன்றோடு மடித்து வைத்த (நாளை பிரித்துப் பார்ப்பேன்)
உன் சித்தப்பா